11 விநாடி: ஒரு மேசைப் பேச்சு நிகழ்ச்சியின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு தமிழ் சேனலுக்காக நாங்கள் எடுத்த நகைச்சுவைப் பேச்சு நிகழ்ச்சியைப் பற்றிய பதிவு இது. நான் அதன் தயாரிப்பாளர், சினிமா அர்த்தத்தில் அல்ல, டிவி அர்த்தத்தில்: பணம் போடுபவன் இல்லை, பதில் சொல்பவன். சேனலின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் இதில் வராது. நடந்ததில் அதிகம் பாதிக்கப்பட்ட மிமிக்ரி கலைஞரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று. ஒரு இடத்தில் திருத்தம் சொன்னார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்னணி

2005-இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்ததிலிருந்து தமிழ்த் தொலைக்காட்சியில் நகைச்சுவை என்றாலே பெரும்பாலும் போட்டிதான். மேடை, நடுவர்கள், கைதட்டும் ஆடியன்ஸ், எழுதி ஒத்திகை பார்த்த சில நிமிடங்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். திருவிழா மேடைகளில் மட்டும் தெரிந்த எத்தனையோ பேருக்கு சினிமாக் கதவைத் திறந்துவிட்டது அந்த வடிவம்தான். ஆனால் அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: மேடையில் நடந்ததைவிட மேக்கப் ரூமில் நடந்ததுதான் பிரமாதம். ஒருத்தர் ஒன்றை ஆரம்பிப்பார், இன்னொருத்தர் கவுண்டர் கொடுப்பார், மூன்றாமவர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கோ போவார். ஒத்திகை கிடையாது, திரும்ப வராது.

அதையே படம் பிடித்தால் என்ன என்பதுதான் யோசனை. நான்கு நகைச்சுவைக் கலைஞர்கள், ஒரு மேசை, ஸ்கிரிப்ட் இல்லை, தொகுப்பாளர் இல்லை.

வெளியில் இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் ஐஎஃப்சி சேனலில் 2001 முதல் 2005 வரை வந்த 'டின்னர் ஃபார் ஃபைவ்' நிகழ்ச்சியில், நடிகர் ஜான் ஃபேவ்ரோ நான்கு பேரை உணவகத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். 2011-இல் ஹெச்பிஓ வெளியிட்ட 'டாக்கிங் ஃபன்னி'யில் நான்கு பெரிய நகைச்சுவையாளர்கள் தங்கள் தொழிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் குழுவாக உட்கார்ந்து பார்த்தோம். மேசை எப்படி இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டோம். தாங்கள் பதிவாகிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தே அவர்கள் பேசுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சேனல் ஒப்புக்கொண்டது 13 எபிசோடுகளுக்கு. ஞாயிறு இரவு, ஒரு மணி நேர ஸ்லாட். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போகக் கூடாது என்பது சட்ட விதி, அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. ஆக எங்கள் கையில் இருப்பது சுமார் 48 நிமிடம். அதற்குச் செலவு மிச்சப்படுத்த, ஒரு நாள் கால்ஷீட்டில் இரண்டு எபிசோடு.

நால்வர் யார் என்றால்: பல ஆண்டுகளாகப் படங்களில் நடிக்கும் மூத்த நகைச்சுவை நடிகர் ஒருவர், எல்லோருக்கும் அவர் அண்ணன். தென் மாவட்டத்து மேடைகளில் வளர்ந்த மிமிக்ரி கலைஞர். டிவி போட்டியில் ஜெயித்து வந்த இளைஞர். ஸ்டாண்ட்-அப் செய்யும் ஒரு பெண்.

மேசையும் மைக்கும்

வட்ட மேசை என்று எழுதுவது சுலபம். நான்கு பேரை அதைச் சுற்றி உட்காரவைத்தால் எந்தக் கேமராவை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவரின் முதுகு தெரியும். அதனால் தச்சரைக் கூப்பிட்டு மேசையை அரைவட்டமாக அறுத்தோம். நான்கு பேரும் திறந்த பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பார்க்க பிரஸ் மீட் மாதிரி இருந்தது. பேச்சும் அப்படியே ஆனது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதைக் கேமராவிடம் சொன்னார்கள்.

மைக் இன்னொரு தலைவலி. நான்கு பேருக்கும் காலர் மைக். ஒருவர் பேசும்போது அந்தக் குரல் பக்கத்தில் இருப்பவரின் மைக்கிலும் விழும், ஆனால் சற்றுத் தாமதமாக, ஒரு மீட்டருக்குச் சுமார் 3 மில்லிவிநாடி. எல்லா மைக்கும் திறந்திருந்தால் இந்தக் குரல்கள் ஒன்றோடொன்று மோதி, குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். இதற்கென்றே தானியங்கி மிக்சர் இருக்கிறது, பேசாதவர்களின் மைக்கைத் தானாகத் தாழ்த்தும். விவாத நிகழ்ச்சிக்கு அது சரி. எங்களுக்கோ அதில் ஒரு சிக்கல்: ஒருவர் பேசும்போது மற்றவர் மெல்லச் சிரிப்பதையும் 'அய்யோ' என்பதையும் அது சேர்த்தே அமுக்கிவிடும். அதனால் எங்கள் ஒலிப்பொறியாளர் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்தார். எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தத் தனி டிராக்குகளும் ஒரு காரணம்.

முதல் நாள்

காலையில் எடுத்த முதல் எபிசோடு மொக்கை. இதை வேறு நாகரிகமான வார்த்தையில் சொல்ல முடியாது.

நால்வரும் உழைத்தார்கள். அதுதான் பிரச்சினை. ஒவ்வொருவரும் மேடையில் ஏற்கெனவே செய்து பார்த்த துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர் அதைச் செய்யும்போது மற்ற மூவரும் கேட்கவில்லை, தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அண்ணனை யாரும் கலாய்க்கவில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் சிரித்தார்கள், அதுவும் அவர் சொல்லி முடிக்கும் முன்பே. அந்தப் பெண் தொடங்கிய வாக்கியங்களில் பல நடுவில் நின்றன. யாராவது குறுக்கே புகுந்துவிடுவார்கள். நான் பிசிஆரில், அதாவது கேமராப் படங்களைப் பார்த்துத் தேர்வு செய்யும் கட்டுப்பாட்டு அறையில், உட்கார்ந்து டாக்பேக்கில் (அங்கிருந்து அரங்கத்தோடு பேசும் இணைப்பு) ஃப்ளோர் மேனேஜரிடம் சொன்னேன். அவர் 'மேடத்தைப் பேச விடவும்' என்று அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தார். அதற்கப்புறம் மூவரும் சட்டென்று அமைதியாகி அவரையே பார்த்தார்கள். பரீட்சை ஹாலில் மாதிரி. அவர் என்ன செய்வார், பாவம்.

மதியம் இரண்டாவது எபிசோடைத் தொடங்கினோம். இதுவும் அதே தடத்தில் போனது. 4 மணி சுமாருக்கு நான் பத்து நிமிட பிரேக் சொன்னேன்.

தேநீர் இடைவேளை

கேமராமேன்கள் வெளியே போனார்கள். அகலமான ஷாட்டுக்காக அசையாமல் பூட்டி வைத்திருந்த இரண்டு கேமராக்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒலிப்பதிவும் நிற்கவில்லை. நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் எடிட்டில் ஒத்திசைக்க நேரமாகும் என்பதால் எங்கள் ஒலிப்பொறியாளர் நாள் முழுக்க ஓட விடுவார், அது அவர் பழக்கம். கேமரா மேலிருக்கும் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அந்த விளக்கு எரிவது அந்தக் கேமராவின் படம் பிசிஆரில் தேர்வாகியிருக்கும்போது மட்டும்தான், பதிவு நடக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலைஞர்கள் பலருக்கு இது தெரியாது. விளக்கு அணைந்தால் கேமரா அணைந்தது என்றுதான் நினைப்பார்கள். நானும் யாரிடமும் விளக்கவில்லை.

ஃப்ளோர் பையன் பிளாஸ்க்கில் டீயும் ஒரு தட்டில் வடையும் கொண்டுவந்து வைத்தான். நால்வரும் நாற்காலிகளை இழுத்துத் திருப்பிக்கொண்டார்கள். அரைவட்ட மேசையை அவர்களே வட்டமாக்கிவிட்டார்கள். ஒருவரின் முதுகு கேமராவை முழுக்க மறைத்தது.

பேச்சு சம்பளம் வராத கதைகளில் தொடங்கியது. கமிட்டிக்காரர்கள் பேலன்ஸ் தராமல் தேங்காய் பழத் தட்டைக் கொடுத்து அனுப்பியது, சால்வையை எண்ணிப் பார்த்துக் கடையில் திருப்பி விற்றது. அந்தப் பெண் ஒரு கல்லூரி விழாவைப் பற்றி முழுசாக நான்கு நிமிடம் பேசினார், யாரும் குறுக்கிடவில்லை. அப்புறம் மிமிக்ரி கலைஞர் சொன்னார்.

அவருடைய அப்பா இறந்தது ஒரு காலை நேரம். இவருடைய கூடப்பிறந்த அண்ணன் வளைகுடாவிலிருந்து வர வேண்டும் என்பதால் உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு இரவு பக்கத்து ஊரில் கோயில் கொடை, இவருடைய நிகழ்ச்சி. அட்வான்ஸ் வாங்கிச் செலவும் செய்தாயிற்று. காரியத்துக்குப் பணம் புரட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பேலன்ஸ் பணம்தான் காரியத்துக்கான பணம், அதனால் சொன்னது பொய்யும் இல்லை. மேடையில் அவர் வழக்கமாகச் செய்கிற ஐட்டங்களில் ஒன்று, ராத்திரி லேட்டாக வீட்டுக்கு வரும்போது திண்ணையில் படுத்திருக்கும் அப்பா. இரண்டு இருமல், ஒரு செருமல், அப்புறம் "யார்ரா அது?" கூட்டம் அதைக் கேட்டு வாங்கும். அன்றைக்கும் கேட்டார்கள். செய்தார். விசில் பறந்தது. ஒன்ஸ் மோர் கேட்டார்கள். திரும்பவும் செய்தார்.

இதைச் சொல்லும்போது மேசையிலும் அந்த இருமலை அவர் ஒருமுறை செய்து காட்டினார்.

அதற்குப் பிறகு 11 விநாடி யாரும் எதுவும் பேசவில்லை. டிவியில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம், ஆக 275 ஃபிரேம். எடிட் அறையில் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. இளைஞர் பேப்பர் கப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் வடைத் தட்டை மெதுவாக மிமிக்ரி கலைஞர் பக்கம் நகர்த்துகிறார், தட்டு மேசையில் உரசும் சத்தம் கேட்கிறது. பிறகு அந்தப் பெண்தான் கேட்கிறார்: "அண்ணே, பேலன்ஸ் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஐநூறு கம்மி."

நால்வரும் வெடித்துச் சிரித்தார்கள். சொன்னவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

நான் பிசிஆரில் ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. நிகழ்ச்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பயன்படுத்த எடுத்த முடிவு

அந்த இடைவேளைப் பேச்சில் 9 நிமிடத்தை முதல் ஒளிபரப்பிலேயே சேர்ப்பது என்று முடிவு செய்தேன். காரணங்களை மறைக்க ஒன்றுமில்லை. காலையில் எடுத்தது தேறாது, ஒளிபரப்புத் தேதி அறிவித்தாயிற்று, கையில் இருந்ததில் உயிருள்ளது இது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் 'படப்பிடிப்பு வளாகத்தில் பதிவாகும் அனைத்தையும்' பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தது, நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சட்டப்படி வழி இருந்தது.

ஆனாலும் கேட்டுவிடுவோம் என்று மிமிக்ரி கலைஞருக்குப் போன் செய்யும்படி உதவி இயக்குநரிடம் சொன்னேன். அவன் கேட்டது இது: "அண்ணே, டீ டைம்ல பேசுனதுல கொஞ்சம் யூஸ் பண்ணிக்கலாமா?" அவர் சொன்ன பதில்: "சரி தம்பி, பாத்துப் பண்ணுங்க." அவர் அப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தேங்காய் பழக் கதையைச் சொல்கிறார்கள் என்று நினைத்தாராம். எந்தக் கதை என்று இவன் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. எந்தக் கதை என்று சொல் என நானும் இவனிடம் சொல்லவில்லை. முதல் தவறு இதுதான், அது என்னுடையது. போனில் கேட்டதை நான் மரியாதைக்காகச் செய்த காரியமாக நினைத்தேனே தவிர, அனுமதியாக நினைக்கவில்லை.

எடிட்டில் 11 விநாடியையும் அப்படியே விட்டேன். சேனலில் பார்த்தவர்கள் அதைக் குறைக்கச் சொன்னார்கள், அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தால் ஜனங்கள் ரிமோட்டை எடுப்பார்கள் என்று. பேசிப் பேசி 6 விநாடியில் வந்து நின்றது. நான் விட்டுக்கொடுத்தேன். ஒரு எபிசோடில் 5 விநாடிக்குச் சண்டை போட்டால் அடுத்த எபிசோடில் எதற்கும் காது கொடுக்க மாட்டார்கள் என்ற தொழில் கணக்கு.

வியாழக்கிழமை

புரோமோ தயாரிப்பது தனிப் பிரிவு. எபிசோடின் நகலை வாங்கி 30 விநாடியில் அவர்கள் வெட்டுவார்கள், தயாரிப்பாளரிடம் காட்ட வேண்டிய நடைமுறை அப்போது இல்லை. வியாழக்கிழமை மாலை சீரியல்களுக்கு நடுவே அது ஓடத் தொடங்கியது. நான் பார்த்தது ஒரு டீக்கடையில்.

"எங்கப்பா செத்த அன்னிக்கு எனக்கு புரோகிராம்" என்ற வரி. உடனே இருமல். உடனே நால்வரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நிகழ்ச்சியின் பெயர், ஞாயிறு, நேரம்.

இதில் எதையும் அவர்கள் இட்டுக்கட்டவில்லை. சிரிப்பு அதே மேசையில், அதே நிமிடத்தில், அதே நால்வர் சிரித்தது. 11 விநாடியையும் வடைத் தட்டையும் 'ஐநூறு கம்மி'யையும் மட்டும் காணோம். கம்மியான ஐநூறுக்குச் சிரித்த நால்வரும் இப்போது செத்துப்போன ஒரு மனிதரின் இருமலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய பையன் திறமைசாலி, நல்ல பையனும்கூட. 30 விநாடிக்குள் ஒரு தொடக்கமும் ஒரு சிரிப்பும் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்தான்.

வெள்ளியும் சனியும்

வெள்ளி காலை 7 மணிக்கு மிமிக்ரி கலைஞர் போன் செய்தார். கத்தவில்லை. "சார், அம்மா டிவியை ஆஃப் பண்ணிட்டாங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பார்த்தது தங்கை, அவர்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் மேடை ஏறியது வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. ஆனால் அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். "ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

அன்று செய்தவை. முதலில் புரோமோவை நிறுத்துவது. சொன்னவுடன் நின்றுவிடாது. விளம்பரங்களோடு சேர்த்து அன்றைய பட்டியல் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். அதை மாற்றி ஏற்ற மதியம் ஆனது. அதற்குள் இன்னும் சில முறை ஓடிவிட்டது. சேனலின் சமூக வலைதளப் பக்கங்களிலிருந்தும் எடுத்தோம். யார் யாரோ தரவிறக்கிப் பகிர்ந்ததை எதுவும் செய்ய முடியவில்லை.

ஞாயிறு எபிசோடுக்கு மூன்று வழி இருந்தது. முழுக் கதையையும் தூக்கிவிடுவது. அல்லது 11 விநாடியோடு முழுசாகப் போடுவது, பார்ப்பவர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று தெரியட்டும் என்று. அல்லது அந்த வாரம் நிகழ்ச்சியே போடாமல் ஒரு படத்தைப் போடுவது. சேனலில் இரண்டாவதைத்தான் விரும்பினார்கள், நானும்தான். அது நியாயம் செய்வதாக எங்களுக்குத் தோன்றியது. நியாயமும் நல்ல டிவியும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் எடிட் அறைக்கு வந்தார். வெட்டாத வடிவத்தைப் போட்டுக் காட்டினேன். இருமல் வந்த இடத்தில் தரையைப் பார்த்தார். தட்டு நகரும் சத்தம் கேட்டபோது நிமிர்ந்து, "அண்ணன் இதப் பண்ணாரா? எனக்குத் தெரியாது சார்" என்றார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம்" என்றார். இதை ஒளிபரப்பினால் அம்மாவுக்கும் புரியுமே என்று நான் சொல்லத் தொடங்கினேன். "அம்மாகிட்ட நான்ல சார் சொல்லணும்" என்றார்.

முழுவதையும் எடுத்தோம். 9 நிமிடப் பள்ளத்தைச் சால்வைக் கதையையும் கல்லூரி விழாவையும் வைத்து நிரப்பினோம், சம்பந்தப்பட்டவர்களிடம் இந்த முறை எந்தக் கதை, எந்த வரியிலிருந்து எந்த வரிவரை என்று சொல்லிக் கேட்டு. ஞாயிறு இரவு எபிசோடு போனது. சுமாரான எபிசோடு.

புகார்

அடுத்த வாரம் ஒரு பார்வையாளர், புரோமோ மரணத்தைக் கேலி செய்கிறது என்று சேனலுக்கு எழுதினார். கேபிள் டிவி விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி புகாருக்கு 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை கொடுக்க வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் புகார்தாரர் இன்னும் 15 நாளுக்குள் ஒளிபரப்பாளர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். புரோமோ நிறுத்தப்பட்டதையும் வெட்டியதில் பொருள் மாறிவிட்டது என்பதையும் ஒத்துக்கொண்டு பதில் அனுப்பினோம். அவர் அதற்கு மேல் போகவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இடைவேளைப் பதிவை அழித்துவிடும்படி கலைஞர் கேட்டிருந்தார். சட்டப் பிரிவோ, புகார் முடியும்வரை மூலப் பதிவு இருந்தே ஆக வேண்டும், அதுதான் நம் சாட்சி என்றது. இரண்டுமே நியாயம். பதிவைத் தனி டிஸ்க்கில் மாற்றி, எடிட் சர்வரிலிருந்து நீக்கி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த மறுநாள் அழிப்பது என்று எழுதிக் கொடுத்தோம். அந்த நாளில் அவரைக் கூப்பிட்டேன். வரவில்லை, நீங்களே பண்ணிடுங்க சார் என்றார். ஒலிப்பொறியாளரும் நானும் உட்கார்ந்து அழித்தோம்.

அதன் பிறகு

மிமிக்ரி கலைஞர் இன்னும் ஒரு நாள் படப்பிடிப்புக்கு வந்தார், ஒப்பந்தத்துக்காக. அதற்கப்புறம் வேறொருவர் வந்தார்.

மற்ற மூவரிடமும் மாற்றம் தெரிந்தது. பிரேக் என்றதும் காலர் மைக்கைக் கழற்றிவிடுவார்கள். அண்ணன் அதைச் சுருட்டித் தண்ணீர் டம்ளருக்குள் போடுவார் (தண்ணீர் இல்லாத டம்ளர், நல்லவேளை). இளைஞர் ஏதாவது ஆரம்பிப்பார், நடுவில் நிறுத்தி, "சார், இப்ப ஓடுதா?" என்று கேட்பார். ஓடவில்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார். அவர் நம்பவேண்டிய காரணமும் இல்லை.

அரைவட்ட மேசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழங்கைகள் இடிக்கும் அளவுக்குச் சின்னதாக ஒரு வட்ட மேசை போட்டோம். கேமராக்களைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் வைத்து, திரையில் துளை வெட்டினோம். முதுகு தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டோம். மேசையில் எப்போதும் டீயும் தின்ன ஏதாவதும் இருக்கும். கையில் வேலை இருந்தால் வாய் தானாகப் பேசும், வேர்க்கடலை அதற்கு வடையைவிட மேல். ஆனால் தோல் உரிக்கும் சத்தம் மைக்கில் விழும் என்று ஒலிப்பொறியாளர் தடை போட்டுவிட்டார். அட்டை பிடிப்பதை நிறுத்தினோம். நான்காவது எபிசோடிலிருந்து பேச்சு ஓரளவு ஓடியது. இளைஞர் முதன்முறையாக அண்ணனின் பழைய படம் ஒன்றை வைத்து அவரை ஓட்டினார். அண்ணன் நிஜமாகவே கோபப்பட்டார், பிறகு சிரித்தார். அந்த எபிசோடுதான் எங்கள் நிகழ்ச்சியில் நல்லது. முதல் நாள் இடைவேளையின் பக்கத்தில்கூட வராது என்பது வேறு விஷயம்.

வாராந்திரப் பார்வையாளர் எண்கள் எழவில்லை. 9 எபிசோடோடு சேனல் நிறுத்தியது.

மாற்றியவை, மாற்ற நினைப்பவை

இப்போது நான் செய்யும் பேச்சு நிகழ்ச்சிகளில் பிரேக் என்றால் பதிவும் நிற்கும். ஒத்திசைக்க எடிட்டில் கூடுதலாக நேரம் ஆகிறது, ஆகட்டும். இல்லையென்றால் பிரேக்கே கிடையாது, டீயும் காட்சிக்குள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்று. சிவப்பு விளக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எல்லோரையும் கேமரா முன்னால் கூப்பிட்டு விளக்குகிறேன்.

சொந்த வீட்டுக் கதை எதுவானாலும் எடிட்டை இறுதி செய்யும் முன் சொன்னவரே வந்து பார்க்க வேண்டும், வர முடியாவிட்டால் அந்தத் துண்டை அனுப்பிவைக்கிறோம். வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. இதனால் நல்ல விஷயங்கள் சில போயிருக்கின்றன. ஒரு எபிசோடில் மூன்று துண்டு போனது, அன்று எரிச்சல்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

புரோமோவில் எனக்கு முழு வெற்றி இல்லை. தயாரிப்பாளர் பார்த்த பிறகே ஓட வேண்டும் என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் ஓட்டிவிடுவோம் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் வேறொரு படப்பிடிப்பில் இருப்பேன். இன்னும் ஒழுங்காகவில்லை.

11 விநாடியை 6 ஆக்க ஒத்துக்கொண்டதை யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் வெட்டைப் போட்டவன் நான்தான். புரோமோ வெட்டிய பையன் மீதி 6-ஐ எடுத்தான்.

இதை வாசித்துக் காட்டியபோது மிமிக்ரி கலைஞர், அம்மாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இருமல் வரும் பத்தியில் நிறுத்தினார். நான் மூன்று இருமல் என்று எழுதியிருந்தேன். "ரெண்டுதான் சார். மூணாவது செருமல், அது வேற" என்று சொல்லி, போனிலேயே செய்து காட்டினார். சரிபார்க்கப் பதிவு இல்லை. அவர் சொன்னபடி மேலே திருத்திவிட்டேன்.